நாம்தான் சைவமாயிற்றே!
(கோலார் தங்கவயல் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

காரியதரிசி எனக்குக் கொடுத்த விஷயம், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத உணவுப் பழக்கம். ராபர்ட்சன்பேட்டையில் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேரிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தேன். கடைக்குத் துணிப்பை எடுத்துப் போவது என்றார் ஒருவர். ஆர்கானிக் காய்கறி, ஆனால் விலை கட்டுபடியாகாது என்றார் இன்னொருவர். நம்மவர்கள் மட்டும் ஒரே குரலில், "நாம்தான் சைவமாயிற்றே, நமக்கென்ன?" என்றார்கள். (வைஷ்ணவர்களும் அப்படியேதான் சொன்னார்கள்!)

மாமிச உணவைவிடச் சைவ உணவால் பூமிக்குப் பாரம் குறைவு என்பது உண்மை. ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. தண்ணீர் தேங்கும் நெல் வயலிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. நம் தயிருக்குப் பால் கொடுக்கும் பசுவும் அதே வாயுவைத்தான் ஏப்பமாக விடுகிறது. ஒரு கிலோ நெல் விளையச் சராசரி 2,500 லிட்டர் தண்ணீர் என்பது பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. நாம் சாப்பிடும் சோனா மசூரி, துங்கபத்ரா பாசனப் பகுதியிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் கடந்து வருகிறது.

நம் மாவட்டத்திலோ வற்றாத நதி ஒன்றுகூட இல்லை. போர்வெல் ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்டது. பெங்களூரின் கழிவு நீரைச் சுத்திகரித்து 2018 முதல் நம் ஏரிகளில் நிரப்ப வேண்டி வந்தது.

இந்த மண்ணுக்கு ஏற்றது ராகி. மானாவாரியாகவே நான்கு மாதத்தில் விளைந்துவிடும். ராகி வரிசைகளுக்கு நடுவே அவரையும் துவரையும் போடுவார்கள். கன்னடத்தில் அக்கடி என்பார்கள். அவரை வேரிலுள்ள பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது. தாள் மாட்டுக்கு. மார்கழியில் அவரைக்காய் வந்ததும், களியும் பிதுக்கின அவரைக் குழம்பும்தான் இந்த ஊர்ச் சாப்பாடு. வயலில் சேர்ந்து வளர்ந்தது தட்டிலும் சேர்ந்தே வரும். படித்த விஞ்ஞானத்தில் இவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் நம் வீடுகளில் அது நுழையவில்லை. ஏழு வயதில் ஒரு பள்ளித் தோழன் வீட்டில் களி சாப்பிட்டேன். அவன் அப்பா சுரங்கத்தில் இறங்குகிறவர். வீட்டில் வந்து சொன்னதும், அம்மா கொல்லையில் நிற்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். "அது கூலிக்காரர் சாப்பாடு" என்றாள். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலம் அப்படி. அந்தத் தோழனிடம் மட்டும் காரணம் சொல்ல முடியாமல், அவன் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது நாமே ராகி பிஸ்கட் வாங்குகிறோம்! 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: நைஸாக அரைத்த மாவில் கஞ்சி வைத்துக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

அடுத்தது மிச்சம். 2022-ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் அறுபது சதவீதம் வீடுகளில் என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. நம் கல்யாணப் பந்தி முடிந்து இலை எடுக்கும் இடத்தில் ஒரு தடவை நின்று பாருங்கள். முழு ஜாங்கிரி, தொடாத கறி! வேண்டாம் என்று கையை மறித்தாலும் பரிமாறுகிறவர் விடுவதில்லை. எங்கள் அகத்தில் ஒரு வாரம் மிச்சத்தைத் தராசில் வைத்து நோட்டில் எழுதினேன், உத்தியோகப் பழக்கம். இரண்டே பேர், இரண்டு கிலோவுக்கு மேல்! பெரும்பாலும் சாதம். அன்றிலிருந்து அரை ஆழாக்கு அரிசி குறைத்தோம். யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் களியும் அவரைக் குழம்பும் போடலாம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். நமது சமையல்காரர் களி கிண்டியதில்லையாம். பாத்திரம் தேய்க்க வரும் பேத்தமங்கலா அம்மாள், "நான் சொல்லித் தரேன் சாமி" என்றிருக்கிறார்.