டி.வி. பெட்டி: கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே முடிவு செய்வோம்

(சூளகிரி ஒன்றியத்தில் நடந்த குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் ஒரு அக்கா எங்களிடம் வந்தார். "மேடம், 32 இஞ்ச் டி.வி. வாங்கலாமா, 43 இஞ்ச் வாங்கலாமா? நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தபோதுதான் இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது. நம் வீடுகளில் நகைக்கும் வண்டிக்கும் அடுத்தபடியாக ஒரே நாளில் அதிகப் பணம் போகிற பொருள் டி.வி.தான். கடைக்குப் போய்ப் பார்ப்பது வீட்டுக்காரரும் பையனும். மாதாமாதம் தவணை கட்டுவது நாம். அப்படியிருக்க, தேர்வு செய்யும் இடத்தில் நாம் இல்லாமல் போகலாமா?

நம்மில் பலருக்கு முதல் கலர் டி.வி. அரசு கொடுத்தது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 இஞ்ச் பெட்டி வீடு தேடி வந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் நின்று, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. வந்ததை வாங்கிக்கொண்டோம், தேர்வு செய்யும் வேலையே நமக்கு இல்லை. இன்று நம் காசு, நம் கடன். அதனால் தேர்வும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். 2024 தீபாவளிக்கு முன் ஒரு குழுவில் ஓர் உறுப்பினர் டி.வி. வாங்க உள்கடன் கேட்டார். ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கும் வேலை. வீட்டுக்காரர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பழைய டி.வி. கெட்டுப்போயிருந்தது. "குழுக் கடன் தொழிலுக்குத்தான், டி.வி.க்கெல்லாம் கிடையாது" என்று குழு சொன்னது. அப்படிச் சொல்லச் சொன்னதே நாங்கள்தான். நல்ல பாடம் சொல்லிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டோம்.

அவர் டி.வி. வாங்காமல் இருந்தாரா? இல்லை. நகரத்தில் ஒரு கடைக்குப் போனார். 43 இஞ்ச் டி.வி. விலை 24,000 ரூபாய். ரொக்கமாகக் கொடுத்தால் 22,500. "வட்டியே இல்லை, பத்துத் தவணை, மாதம் 2,400" என்றார்கள். மூன்று தவணையை முன்பணமாக வாங்கினார்கள், அது 7,200. ஃபைல் சார்ஜ் 600, அதற்கு வரி 108. வேலை இல்லாத இரண்டு மாதம் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியது. ஒவ்வொரு தடவைக்கும் 590 ரூபாய் அபராதம். கூட்டிப் பாருங்கள்: 24,000, 708, 1,180. மொத்தம் 25,888.

அதே 7,500 ரூபாய் கைப்பணத்தோடு குழு அவருக்கு 15,000 கடன் கொடுத்திருந்தால்? நூற்றுக்கு ஒரு ரூபா வட்டி. மாதம் 1,500 அசல் கட்டக் கட்ட, மீதி அசலுக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் 150, அடுத்து 135, இப்படிக் குறைந்து பத்தாவது மாதம் 15. மொத்த வட்டி 825. ரொக்க விலை 22,500-ஐச் சேர்த்தால் 23,325. வித்தியாசம் 2,563 ரூபாய். அந்த 825-ம் வெளியே போகாமல் நம் குழு நிதியில் சேர்ந்திருக்கும்.

பணம் போனதை விடப் பெரிய கஷ்டம் பிறகு வந்தது. கறவை மாட்டுக்கு வங்கியில் கடன் கேட்டபோது, "தவணை தாமதம், சிபில் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு டி.வி. தவணை மாட்டுக் கடனை மறித்துவிட்டது. "அன்னிக்கு நீங்க கொடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா மேடம்?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

"வட்டியே இல்லை" என்பதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையிலேயே, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லியிருக்கிறது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கும். சில சமயம் கட்டணத்தில், சில சமயம் நமக்குக் கிடைக்காமல் போகும் தள்ளுபடியில். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ரொக்கமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன?" என்பதுதான்.

32-ஆ, 43-ஆ?

இப்போது அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். பெரியது என்றால் ஆடம்பரம், சின்னது என்றால் சிக்கனம் என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். வீட்டைப் பொறுத்தது அது.

ஒன்று, இடம். டி.வி.யின் இஞ்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 32 இஞ்ச் டி.வி.யின் திரை அகலம் சுமார் 28 இஞ்ச். 43 இஞ்ச் என்றால் சுமார் 37 இஞ்ச். பழைய நியூஸ் பேப்பரை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டிப் பாருங்கள். நீங்கள் பாய் போட்டு உட்காரும் இடத்திலிருந்து சுவருக்கு எத்தனை அடி என்று அளங்கள். நாலைந்து அடிதான் என்றால் 32 தாராளம். ஆறேழு அடி இருந்தாலோ, கண் மங்கிய மாமியார் கட்டிலில் இருந்தே பார்க்க வேண்டும் என்றாலோ 43 உதவும்.

இரண்டு, படம். கடையில் ஓடுவது டி.வி.க்கென்றே எடுத்த பளபளப்பான படம். எந்த டி.வி.யிலும் அது அழகாகத்தான் தெரியும். நம் வீட்டில் ஓடப்போவது சாதா கேபிள் சேனல். அந்தப் படத்தைப் பெரிய திரையில் இழுத்துக் காட்டும்போது மங்கலாகத் தெரியும். "4கே" என்ற எழுத்துக்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்கும் முன், "சாதா சேனல் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்று, கரண்ட். டி.வி.யின் பின்பக்க ஸ்டிக்கரில் வாட் போட்டிருக்கும். 50 வாட் டி.வி. தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். 90 வாட் என்றால் 27 யூனிட். இலவச யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு அந்த 12 யூனிட்டும் காசுதான். நட்சத்திரத்தை மட்டும் எண்ணி ஏமாறக்கூடாது. திரை பெரிதானால் நட்சத்திரக் கணக்கும் மாறும். மூன்று நட்சத்திரப் பெரிய டி.வி., இரண்டு நட்சத்திரச் சின்ன டி.வி.யை விட அதிகக் கரண்ட் இழுக்கலாம். அதே லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும், அதை ஒப்பிடுங்கள்.

நான்கு, ரிப்பேர். கம்பெனியின் இலவச நம்பருக்குப் போன் போட்டு, உங்கள் ஊர் பின்கோடைச் சொல்லி, "வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா? எங்கிருந்து வருவீர்கள்?" என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஆள் இருந்தால் நல்லது. திரை அடிபட்டு உடைந்தால் வாரண்டி கிடையாது, புதுத் திரையின் விலை டி.வி. விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஸ்டாண்டில் வைக்காமல் சுவரில் மாட்டுவது மேல். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஐந்து, யாருக்காக? 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020 ஊரடங்கில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளும் நம்மிடம் நிறைய. பாட்டிக்குக் கன்னட சீரியல், மருமகளுக்குத் தமிழ்ச் செய்தி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். டி.வி.யின் விலை ஒரு தடவை, கேபிளுக்கு மாதாமாதம். அதையும் கணக்கில் சேருங்கள்.

எல்லை தாண்டி வாங்கலாமா?

"அத்திப்பள்ளி தாண்டிப் போனால் மலிவு" என்று பலர் சொல்கிறார்கள். 2017 ஜூலைக்கு முன் இரண்டு மாநிலத்திலும் வரி வேறு வேறாக இருந்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு இங்கேயும் அங்கேயும் ஒரே வரி. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டி.வி.க்கு இருந்த 28 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. வரி மட்டும் குறைந்தாலே பழைய 24,000 ரூபாய் டி.வி. 22,125-க்கு வர வேண்டும். அங்கே கடைக்காரர் கூடுதல் தள்ளுபடி தரலாம், ஆனால் வண்டி வாடகையையும் வழியில் திரைக்கு அடிபடும் ஆபத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் வேண்டும். பில்லில் உள்ள சீரியல் நம்பர் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கோளாறு வந்து கடை கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பெங்களூரில் வாங்கிய பொருளுக்கும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

சகோதரிகளே, 1989-இல் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். நம் கிருஷ்ணகிரி அப்போது அதில் ஒரு பகுதி. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்கத்தான் நம் மூத்த அக்காமார்கள் குழு கட்டினார்கள். நாம் வீட்டுச் சாமான் கடனை மறுத்தால், உறுப்பினர் வேறு கதவைத் தட்டுவார். அதற்காகக் கேட்டவுடனே கொடுத்துவிடவும் வேண்டாம். கடை விலைச்சீட்டை வாங்கிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு சொந்தச் சேமிப்பாக இருக்கட்டும். வீட்டுக்கு வரும் தவணைகளை எல்லாம் கூட்டுங்கள். 2022 ஏப்ரல் முதல் வந்த ரிசர்வ் வங்கி விதி, நுண்கடன் வாங்கும் வீட்டில் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்கிறது. மாதம் 20,000 வரும் வீட்டுக்கு 10,000-தான் எல்லை. பாதி என்பதே அதிகம், அதற்குள் நிற்கட்டும். பிறகு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுங்கள்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு நாங்கள் முடிவு சொல்லவில்லை. இந்த ஐந்தையும் சொல்லி அனுப்பினோம். இந்த வாரம் பார்த்தபோது, "பேப்பரை ஒட்டிப் பாத்தேன் மேடம், பீரோ கதவே திறக்க முடியல. 32 போதும்" என்றார். மீதிப் பணத்தை என்ன செய்யப் போகிறார் என்று கேட்டோம். "பொண்ணு ஐ.டி.ஐ. சேரணும், அதுக்கு வெச்சிருக்கேன்" என்றார்.

ரோஜாத் தோட்டத்துச் சகோதரிக்கு வங்கி இன்னும் மனம் இறங்கவில்லை. டி.வி. தவணையை முழுவதும் முடித்துவிட்டார். போன கூட்டத்தில் அவர் குழு, மாட்டுக்கு உள்கடன் கொடுப்பதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கிய அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி.