மூளையின் காவலரும் மூளை அழற்சியும்

வீட்டிலே முதியவரொருவர் தம் மகளின் பெயரை மறந்துவிட்டால், "வயதாகிவிட்டது" என்று கூறி அமைதியடைவது உலக வழக்கம். ஆயின் முதுமை வேறு, நோய் வேறு. 1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்போட் நகரிலே 51 வயதுப் பெண்ணொருத்தி மறதி மிகுந்தவளாய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டாள். 1906இல் அவள் இறந்தபின், அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவளது மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும், உள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டார். அப்படிவு அமிலோயிட் பீற்றா என்னும் புரதமென்பது 1980களிலே தெளிவாயிற்று.

இப்படிவைக் கண்டு மூளை வாளாவிருப்பதில்லை. அதற்கும் காவலர் உளர். ஸ்பெயின் தேசத்து அறிஞர் டெல் ரியோ ஓர்தேகா 1919இல் இனங்காட்டிய மைக்ரோகிளியாக் கலங்களே அவர். அவை மெல்லிய கிளைகளை நீட்டி ஓயாது துழாவிக் கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்குகின்றன. அவற்றின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளே அவற்றிற்குக் கண்கள்.

அவ்வாங்கிகளுள் டோல் வகையைச் சேர்ந்தவை கிருமிகளை அறிவன. அமிலோயிட் படிவு அவற்றைத் தீண்டும்போதும், கிருமி புகுந்ததுபோலவே அபாய அறிவிப்பு எழுகின்றது. அழற்சியை மூட்டும் இன்ரலூக்கின் முதலிய பொருள்கள் வெளிப்படுகின்றன. கிருமி அழிந்தால் அழற்சி தணியும். படிவோ அகல்வதில்லை. ஆகவே அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து, காக்கவேண்டிய நரம்புக் கலங்களையே வாட்டுகின்றது.

அவ்வாறாயின் காவலரை அடக்கிவிடலாகாதா? அமெரிக்காவிலே 2001இல் தொடங்கிய ஆய்வொன்றில், அழற்சியைத் தணிக்கும் இரு மருந்துகள் முதியோருக்கு அளிக்கப்பட்டன. அவை நோயைத் தடுக்கவில்லை.

இதன் மறுபுறத்தை ட்ரெம்-2 என்னும் வாங்கி காட்டிற்று. இவ்வாங்கியின் பரம்பரையலகில் ஏற்படும் அரிய மாற்றமொன்று, நோய்க்காளாகும் வாய்ப்பை ஏறத்தாழ மும்மடங்காக்குமென 2012இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. ட்ரெம்-2 செவ்வனே இயங்கும்போது மைக்ரோகிளியாக்கள் படிவைச் சூழ்ந்து வேலிபோல் நிற்கின்றன. அது தளர்ந்தால் வேலியும் தளர்கின்றது; அயலிலுள்ள நரம்பிழைகள் மேலும் சிதைகின்றன. எனினும், இவ்வாங்கியைத் தூண்ட முயன்ற மருந்தொன்று 2024இல் வெளியான சோதனை முடிவின்படி நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை.

எனவே, காவலரை முற்றாக உறங்கச் செய்வதும் தீர்வன்று. காலமறியாது தூண்டுவதும் தீர்வன்று. நோயின் எப்பருவத்தில் எவ்வாங்கியைத் தணிப்பது, எதனைத் துணைக்கழைப்பது என்பதே இன்று ஆய்வாளர் தேடும் விடை. தன் மகளின் பெயரை மறந்த முதியவருக்கு அவ்விடை காலந்தாழ்ந்து வரலாம். அவர்தம் மக்களுக்காயினும் அது உரிய காலத்திற் கிட்டவேண்டும்.