கொட்டகையில் குடம் தூக்குவது யார்?

சித்தூர், பலமனேர், குப்பம் பக்கத்து ஊர்களில் பொழுது விடிகிற நேரத்துக்குப் பால் சென்டரில் கேன் போய்ச் சேர வேண்டும். அதற்குள் சாணி அள்ளி, மடி கழுவி, தண்ணீர் காட்டிப் பால் கறந்து முடித்திருப்பார் வீட்டுப் பெண். எத்தனை லிட்டர் கறந்தது என்று கணக்குப் பார்க்கிறோம். அவருடைய இடுப்பு நோவை யார் கணக்குப் பார்த்தார்கள்? கொட்டகையில் முதல் காசை அவர் வேலையைக் குறைப்பதில் போட வேண்டும் என்பது என் கட்சி.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். புங்கனூர்க் குட்டை மாடு சுமார் மூன்றடி உயரம்தான், கொஞ்சம் தண்ணீரே போதும். இப்போது பெரும்பாலும் நிற்பது ஜெர்சி, ஹெச்.எஃப். கலப்பு. கோடையில் கறவை மாடு ஒன்று நாளைக்கு 60 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். நான்கு மாட்டுக்கு 240 லிட்டர். 12 லிட்டர் குடத்தில் 20 நடை!

இந்த நடையைக் குறைக்கத் தானாக நிரம்பும் தொட்டி வேண்டும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்கில் அறுத்தால் இரண்டு தொட்டி கிடைக்கும். பூச்சிமருந்து, ரசாயனம் வந்த டிரம் வேண்டவே வேண்டாம். ஃபுளோட் வால்வைத் தொட்டியிலேயே மாட்டினால் மாடு முட்டிப் பெயர்த்துவிடும். மாட்டுக்கு எட்டாத இடத்தில், தொட்டி மட்டத்திலேயே ஒரு வாளியை வைத்து, வால்வை அதில் பொருத்துங்கள். வாளியின் அடியையும் தொட்டியின் அடியையும் ஒரு குழாயால் இணைத்துவிடுங்கள். கொத்தனார் மட்டக்குழாய் பிடிப்பது போலத்தான்: இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மாடு குடிக்கக் குடிக்க வாளியில் மட்டம் இறங்கும், வால்வு தானே திறக்கும். நடு இரவில் தாகமெடுத்தாலும் தண்ணீர் இருக்கும். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தானே, அது வேறெங்கிருந்து வரும்? தொட்டியில் வடிகால் மூடி ஒன்றும் வையுங்கள். வாரம் ஒருமுறை பாசி தேய்த்துக் கழுவ உதவும்.

தரை போடும்போது மாடு நிற்கிற 5 அடிக்கு ஒன்றரை அங்குலம் பின்பக்கம் சரிவு விட்டால் மூத்திரம் தானாக வாய்க்காலுக்கு ஓடும். சாணி தள்ள நீளக் காம்பு வைத்த பலகை போதும், குனிய வேண்டாம்.

திருப்பதி வெயிலுக்கு, தோட்டத்தில் மிச்சமான சொட்டுநீர்க் குழாயில் தெளிப்பான் சொருகி, மாட்டின் முதுகை இரண்டு மூன்று நிமிடம் நனைத்து நிறுத்துங்கள். உடனே மின்விசிறி ஓட வேண்டும். ஈரம் காயும்போதுதான் சூடு இறங்கும். காற்றில்லாமல் நனைத்துக்கொண்டே இருந்தால் புழுக்கம்தான் கூடும். மின்விசிறி ஸ்விட்சை மட்டும் தண்ணீர் தெறிக்காத வெளிச்சுவரில் வையுங்கள்.