பூட்ட விடாத உரிமம்

(நோணாங்குப்பம் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூலிக் கணக்கும் சங்கத்துக் கடன் கணக்கும் இன்று கம்ப்யூட்டரில் போடப்படுகின்றன. கணக்குப் போடும் வழியை எழுதிவைத்த கட்டளைகளே மென்பொருள். கணக்குப்பிள்ளையின் பேரேட்டைக் காட்டு என்று கேட்கலாம். கம்பெனி பூட்டிவைத்த மென்பொருளைப் பிரித்துப் பார்க்க முடியுமா?

முடியாது. சட்டம் கம்பெனியின் பக்கம் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தத்தால் கம்ப்யூட்டர் நிரலும் புத்தகத்தைப் போல் இலக்கியப் படைப்பாயிற்று. உரிமையாளரின் அனுமதியின்றி அதை நகலெடுத்து விநியோகிக்கக் கூடாது. அந்த அனுமதிக்குப் பெயர்தான் உரிமம்.

1908 முதல் 1918 வரை நம் புதுச்சேரியில் வாழ்ந்தார் பாரதி. அவர் மறைந்த பின் அவர் எழுத்துக்களின் உரிமை தனியார் கையில் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு அதை வாங்கியது. பிறகு அது மக்கள் சொத்தாயிற்று. இன்று யாரும் அச்சிடலாம்.

மென்பொருளையும் அப்படியே பொதுவில் விட்டால் போதாதா? போதாது, தோழர்களே! ஒரு கம்பெனி அதை எடுத்து, நாலு வரி சேர்த்து, சேர்த்ததைப் பூட்டி விற்கலாம். விதை பொதுவில் கிடக்கும். விளைச்சல் கம்பெனிக் களஞ்சியத்துக்குப் போகும்.

இதைத் தடுக்க வழி கண்டவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதன் பொது உரிமத்தை வெளியிட்டார். அவர் பதிப்புரிமையைக் கைவிடவில்லை, அதையே ஆயுதமாக்கினார். எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஒரே ஷரத்து: பிறருக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் இதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் 1992இல் இந்த உரிமத்துக்கு வந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளம் அதுதான்.

எல்லாத் திறந்த உரிமமும் ஒன்றல்ல. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. உரிமங்களில் இந்த ஷரத்து இல்லை; எடுத்துக்கொண்டவர் பூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குனூ உரிமத்தின் கடமை, வெளியே கொடுப்பவருக்குத்தான். ஆலை நிர்வாகம் தன் ஆபீசுக்குள்ளேயே திருத்தி ஓட்டினால், தொழிலாளிக்குக் காட்ட வேண்டும் என்று அந்த உரிமம் சொல்லாது. கூலிக் கணக்கின் வழியைக் காட்டு என்று கேட்டுப் பெறுவது சங்கத்தின் வேலை.

ஆகவே, சங்கத்துக்கோ கூட்டுறவுக்கோ மென்பொருள் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். உரிமம் எது, மூலநிரல் நம் கைக்கு வருமா, நாளை வேறொருவரைக் கொண்டு திருத்தலாமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.