மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டுமா?
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் பேசியது)



அடுத்து வங்கி மேலாளர் கடன் பற்றிப் பேசப் போகிறார். அதனால் நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவள் நான். 2021-இல் திட்டம் வந்ததிலிருந்து, உங்களைப் போன்ற குழுப் பெண்களே தன்னார்வலர்களாகச் சுகர், பிரஷர் மாத்திரை கொண்டு வந்து தருவது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு மூச்சு வாங்குறவங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இது பீடி குடிக்கிற ஆம்பளைங்க வியாதின்னு நினைக்கிறோம். வருஷக்கணக்கில் விறகடுப்பு ஊதின பெண்களுக்கும் அதே வியாதி வருது. (கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகுதானே!) சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருக்கும். காற்றுக் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் தேங்கிவிடும். கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. அதை மறைச்சுப் பேச நான் வரவில்லை.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? "நீ எந்திரிக்காதேம்மா, தண்ணிகூட நான் கொண்டாறேன்" என்று பாசமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை வத்திப்போகும். அப்புறம் பத்தடி நடந்தாலே முன்னைவிட அதிகமாக வாங்கும். பயந்து இன்னும் உட்காருவாங்க. குழுக் கூட்டத்துக்கு வருவது நின்று, சேமிப்புப் பணம் பேரன் கையில் வரும். கடைசியில் கக்கூசுக்குப் போகவே ஆள் வேண்டும்.

இதற்கு நடையும் ஒரு மருந்து. இன்ஹேலரை நிறுத்திவிட்டு அல்ல, அதோடு சேர்த்து. முதலில் 30 மீட்டர் தூரத்தில் போய்த் திரும்பி 6 நிமிஷம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போனார்கள் என்று அளப்போம். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்ப்போம். பிறகு வாரத்துக்கு 2, 3 நாள், 6 முதல் 8 வாரம் பயிற்சி: நடை, நாற்காலியில் எழுந்து உட்காருவது, தண்ணீர் பாட்டிலைக் கையால் தூக்குவது. மூச்சு வாங்கத்தான் செய்யும். நாலு வார்த்தை பேச முடிந்தால் பரவாயில்லை. பேச்சே வராவிட்டால் நிற்கணும். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலம் பூத்தல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

மூக்கால் இழுத்து, உதட்டைக் குவிச்சு, இழுத்ததைப் போல ரெண்டு மடங்கு நேரம் மெதுவா விடுங்க. ஊதுகுழலில் ஊதுற வேகம் வேண்டாம். விளக்குச் சுடர் அணையாமல் ஆடினால் போதும். குடம் தூக்கும்போது மூச்சை அடக்காதீங்க, வெளியே விட்டுக்கிட்டே தூக்குங்க.

ஒரு கோரிக்கை. ரெண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வா என்றால் இவங்க எப்படி வருவாங்க? இந்தக் கட்டட வாசலில் இருந்து கேட் வரை 30 மீட்டர் இருக்கு, காலையில்தான் அளந்தேன். செவ்வாய், வெள்ளி ஒரு மணி நேரம் ஹாலைத் திறந்துவிடுங்க. வழுக்காத நாற்காலி எட்டு இருந்தால் போதும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, மூச்சு வாங்குதுன்னு கூட்டத்துக்கு வராமல் நின்றவங்க பெயரை இன்றைக்கே எழுதிக் கொடுங்க. டாக்டர் பார்த்த சீட்டோடு வரச் சொல்லுங்க. சீட்டைப் பார்த்த பிறகுதான் நடக்கவிடுவேன்.