மிஞ்சிய துணியில் ஒரு போர்வை

தீபாவளித் தையல் முடிந்ததும் ரவிக்கைத் துண்டும் பாவாடைத் துண்டுமாக ஒரு பை நிறைய வெட்டுத்துணி சேர்ந்துவிடும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒட்டுத்துணிப் போர்வைக்கு அதுதான் முதல். குவில்ட் என்று சொல்லும் இந்தக் கலைக்கு 2019 ஜனவரியில் நம் சென்னையிலேயே ஒரு தேசியத் திருவிழா நடந்தது.

மயிலாப்பூர், அடையாறு அடுக்குமாடி வீடுகளில் தையலுக்கென்று தனி அறை ஏது? ஜன்னலோரம் மிஷின், துணி வெட்டச் சாப்பாட்டு மேஜை, இது போதும். புதுப் பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது, சாயம் போவது இரண்டும் அப்போதே தெரிந்துவிடும். நாலரை அங்குலச் சதுரமாக ஒன்பது துண்டு வெட்டுங்கள். வரிக்கு மூன்றாக, கால் அங்குலம் விட்டுத் தைத்து, தையலை இஸ்திரி போட்டு அமுக்குங்கள். ஓரத் தையலும் போனபின் சரியாக 12 அங்குலத் திண்டு உறைக்கு முகப்பு தயார்.

போர்வை என்றால் மூன்று அடுக்கு. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நடுவில் பஞ்சு வேண்டாம்; அப்பாவின் பழைய வேட்டியே போதும். பஞ்சு தேடித் தி.நகர் ரங்கநாதன் தெருவில் அலைய வேண்டியதும் இல்லை.

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். நிறம் பார்த்துத் துண்டுகளை அடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.