வெறுங்கையோடு ஒரு நகருக்குள்



எங்கள் அணைக்கட்டுக்கு அண்மையில் உள்ள ஆம்பூரில் தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து சென்று ஐரோப்பிய நகரங்களின் வீதிகளில் நடக்கின்றன. காலணி சென்ற இடத்துக்குக் காலும் செல்ல விரும்புவது இயல்பே. உயர்படிப்பை நாடியும் தொழிலை நாடியும் நம் இளைஞர்கள் இன்று அந்நாடுகளுக்குச் செல்கின்றனர். விடுமுறை வந்தால் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தோழர்களுடன் ஊர் ஊராகச் சுற்றியும் வருகின்றனர். முன்பின் அறியாத ஒரு நகரில் காலடி வைப்பவனுக்கு முதலில் வேண்டுவது யாது? பணம் என்பார் சிலர். மொழி என்பார் சிலர். தங்குமிடத்தின் முகவரி என்பார் வேறு சிலர். இம்மூன்றும் இல்லாமலேயே ஐரோப்பாவின் பெருநகரங்களுக்குள் நுழைந்த இரண்டு இந்திய இளைஞரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒருவர் இராசத்தானத்தில் பிறந்த சதீஷ்குமார். மற்றவர் கேரளத்தைச் சேர்ந்த ஈ. பி. மேனன். இருவரும் வினோபா பாவேயின் வழியில் நின்றவர்கள். அணுகுண்டை எதிர்த்துப் போராடிய பேரறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் 1961இல், தம் 89ஆம் வயதில், சிறை சென்றார். பெங்களூரில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து அச்செய்தியைப் படித்த இவ்விருவரும், ‘முதியவர் ஒருவர் இவ்வளவு செய்யும்போது நாம் சும்மா இருப்பதா?’ என்று எண்ணினர். அணுகுண்டு வைத்திருந்த நான்கு வல்லரசுகளின் தலைநகரங்களாகிய மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகியவற்றுக்கு நடந்தே செல்வது என உறுதி பூண்டனர். வினோபாவிடம் ஆசி பெறச் சென்றபோது, கையில் காசு கொண்டு செல்லலாகாது என்றும், புலால் உண்ணலாகாது என்றும் அவர் அறிவுரை கூறினார்.

1962, ஜூன் 1ஆம் நாள் தில்லியில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து அவர்கள் புறப்பட்டனர். பாகிஸ்தான் எல்லையில் நண்பர் ஒருவர் உணவுப் பொட்டலங்களை நீட்டினார். சதீஷ்குமார் அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை. சோற்றைச் சுமந்து செல்வது, அந்நாட்டு மக்கள்மீது கொண்ட ஐயத்தைச் சுமந்து செல்வதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. எல்லையைக் கடந்த சிறிது நேரத்திலேயே, முன்பின் அறியாத ஒருவர் அவர்களை எதிர்கொண்டு அழைத்துத் தம் இல்லத்துக்கு விருந்தினராக இட்டுச் சென்றார்.

ஆப்கானிஸ்தானம், ஈரான் ஆகிய நாடுகளைக் கடந்து சோவியத் நாட்டை அடைந்தனர். ஜார்ஜியாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வாயிலில், தங்கள் நோக்கத்தை ருசிய மொழியில் விளக்கும் துண்டறிக்கையை அங்கிருந்த பெண்களிடம் கொடுத்தனர். அதைப் படித்த பெண்கள் அவர்களை உள்ளே அழைத்து உபசரித்தனர். அவர்களுள் ஒருத்தி நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்து, நான்கு வல்லரசுகளின் தலைவர்களுக்கும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுமாறு வேண்டினாள். குண்டு வீச எண்ணும் கணத்தில், தலைவர்கள் சற்றே நின்று ஒரு குவளைத் தேநீர் அருந்தி, எளிய மக்களை நினைத்துப் பார்க்கட்டும் என்பது அவள் விருப்பம். நாடு சுற்ற வந்தவர்கள் அந்நாள் முதல் தூதுவர் ஆயினர்.

எல்லா நகரமும் ஒரே முகத்தோடு வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாஸ்கோ விருந்தோம்பியது. பாரிஸிலோ, அதிபர் மாளிகையின் எதிரே கிளர்ச்சி செய்ததற்காகச் சிறை வாயில்தான் திறந்தது. அதற்காக அவர்கள் மனம் கசந்து திரும்பிவிடவில்லை. கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்து, 90 வயதைக் கடந்துவிட்ட ரசலை நேரில் கண்டனர். பின்னர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். ஏறத்தாழ 8,000 மைல் பயணம், 1964 ஜனவரியில் வாஷிங்டனுக்கு அருகே கென்னடியின் கல்லறையில் நிறைவுற்றது.

இவ்வரலாற்றைக் கேட்டு, நீங்களும் காசின்றிக் கிளம்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. செலவுக்குப் பணம் உண்டு என்று காட்டினால்தான் ஐரோப்பிய நாடுகள் பலவும் இன்று விசா வழங்குகின்றன. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். காசு உடையவனுக்கு விடுதி உண்டு; கைப்பேசி உடையவனுக்கு வழிகாட்டி உண்டு. எவரையும் கேளாமல், எவரோடும் பேசாமல் ஒரு நகரத்தில் மூன்று நாள் தங்கித் திரும்ப இன்று இயலும். அவன் கண்டது கட்டடங்களே. நகரத்தை அவன் கண்டானா? காசில்லாத அவ்விருவருக்கோ ஒவ்வொரு மாலையும் யாரேனும் ஒரு மனிதரின் கதவைத் தட்டியே ஆகவேண்டும். வறுமை என்று நாம் கருதும் அந்நிலையே அவர்களை மக்களின் அடுப்படி வரை அழைத்துச் சென்றது.

தோழருடன் செல்வோர்க்கு இன்னொரு சொல். நால்வர் சேர்ந்து சென்று, நால்வரும் தமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் தங்கள் தெருத் திண்ணையையே தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்றுதான் பொருள். துணை என்பது அயலாரை அணுகுவதற்கு வேண்டிய துணிவைத் தர வேண்டும். அவர்களை அடைத்துவிடும் சுவராகிவிடலாகாது.

ஆகவே, செல்லும் நகரத்தின் மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்றுச் செல்லுங்கள். வழி தெரிந்திருந்தாலும் ஒருவரையேனும் கேளுங்கள். ‘நீ யார், எதற்கு வந்தாய்?’ என்று அவ்வூரார் கேட்டால் சொல்வதற்குத் தகுதியான ஒரு மறுமொழி உங்களிடம் இருக்கட்டும். அம்மறுமொழி இருந்தால், உங்கள் பையில் வேறு எது குறைந்தாலும் பெரிதில்லை.